மூன்று பழைய ரைஃபிள்களும் ஒரு விலைப்பேச்சும்



போன மாதம் நான் போட்ட ஒரு படத்தில் மேசைமேல் மூன்று பழைய துப்பாக்கிகள் கிடப்பதைப் பார்த்துவிட்டுப் பலர் கேள்வி கேட்டிருந்தீர்கள். "சார், அமெரிக்கா போய் வேட்டைக்காரர் ஆகிட்டீங்களா?" என்று 1994 பேட்ச் மாணவன் ஒருவன். "அத்தான், இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு?" என்று ஊரிலிருந்து மைத்துனர். தனித்தனியாகப் பதில் எழுதக் கை ஒத்துழைக்காது. எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் நாற்பத்தைந்து நிமிடம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்களுக்கு இது பெரிதாகத் தெரியாது.

மகள் வீடு பென்சில்வேனியாவில் இருக்கிறது. இந்த மாநிலத்தில் மான் வேட்டைப் பருவம் தொடங்கும்போது பல பள்ளிகளுக்கு விடுமுறையே விடுகிறார்கள். நமக்குப் பொங்கல் மாதிரி. ஆகவே கிராமப்புற வீடுகளில் அடித்தள அறையைத் திறந்தால் பழைய துப்பாக்கி ஒன்றிரண்டு கிடப்பது இங்கே அதிசயமில்லை. பக்கத்து வீட்டு அம்மாவுக்கு வயது எழுபத்தெட்டு. கணவர் காலமாகி ஓராண்டு ஆகிறது. பெரிய வீட்டை விற்றுவிட்டுச் சின்ன அடுக்ககத்துக்குப் போகிறார். அவர் வீட்டு அடித்தளத்தில் மூன்று ரைஃபிள்கள். பழைய சாமான் வாங்குகிற ஒருவர் வந்து பார்த்து, "எல்லாம் மலிவு சரக்கு, ஒன்றில் நம்பர்கூடக் கிடையாது, மூன்றுக்கும் சேர்த்து நூறு டாலர் தருகிறேன்" என்று சொல்லியிருக்கிறார். அந்த அம்மாவுக்குப் பணத்தைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது. நம்பர் இல்லாத துப்பாக்கி வீட்டில் இருந்தால் குற்றமோ என்ற பயம். என் மாப்பிள்ளையிடம் வந்து கேட்டார். மாப்பிள்ளை என்னைப் பார்த்து, "மாமா, நீங்க என்சிசி ஆபீசரா இருந்தவராச்சே?" என்றார்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் இங்கே விசிட்டர் விசாவில் வந்திருப்பவன். அப்படி வந்தவர்கள் துப்பாக்கி வைத்திருக்க அமெரிக்கச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. வேட்டை உரிமம் வாங்கியவர்களுக்குச் சில விலக்குகள் உண்டு. எனக்கு அது வேண்டாம். ஆகவே கடைசிவரை நான் ஒன்றையும் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பரீட்சை ஹாலில் மேற்பார்வை பார்ப்பதுபோல நின்றேன். குடியுரிமை உள்ள மாப்பிள்ளை எடுத்துக் காட்டினார், நான் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தேன்.

முதல் வேலை, தோட்டா உள்ளே இருக்கிறதா என்று பார்ப்பது. குழல் யாரையும் பார்க்காத பக்கம், விரல் விசைக்கு வெளியே, போல்ட்டைத் திறந்து சேம்பரைக் கண்ணால் பார்ப்பது. குழலுக்குக் கீழே நீளக் குழாய் மாதிரி மேகசின் உள்ளவற்றில் அந்தக் குழாயையும் வெளியே இழுத்துப் பார்க்க வேண்டும். பல வருடம் சும்மா கிடந்த துப்பாக்கிக்குள் தோட்டா மறந்துபோய்க் கிடக்கலாம். "காலியாத்தான் இருக்கும்" என்கிற பேச்சுக்கு இதில் இடமே கிடையாது. கேம்பில் நான் கத்திய கத்தல் உங்கள் காதில் இன்னும் கேட்கும் என்று நம்புகிறேன்.

இந்த மூன்றும் .22 ரிம்ஃபயர் வகை. நம் என்சிசி கேம்பில் பாயில் படுத்துச் சுட்டீர்களே, அதே தோட்டா வகைதான். சுட்டு முடித்ததும் காலி கேஸ்களை எண்ணி ஒப்படைப்போம். அந்தப் பித்தளைக் கேஸின் அடிவிளிம்பில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும், நினைவிருக்கிறதா? வெடிக்கத் தூண்டும் மருந்து அந்த விளிம்பின் மடிப்புக்குள்தான் இருக்கிறது. ஊசி விளிம்பில் அடித்ததும் தீப்பிடிக்கிறது. அதனால்தான் ரிம்ஃபயர் என்று பெயர். செய்வதற்கு மலிவு, சத்தம் குறைவு, உதைப்பு குறைவு. .22 லாங் ரைஃபிள் என்கிற இன்றைய தோட்டா 1887-இல் ஸ்டீவன்ஸ் கம்பெனி கொண்டுவந்தது. அதன்பிறகு அமெரிக்கக் கிராமத்துப் பையன்களின் முதல் துப்பாக்கி பெரும்பாலும் இதுதான். தகர டப்பா சுட, அணில் முயல் வேட்டைக்கு. இவற்றை லட்சக்கணக்கில் செய்தார்கள், குறைந்த விலைக்கு விற்றார்கள். இன்று அடித்தளங்களில் கிடப்பது அந்தச் சரக்குதான்.

இப்போது அந்த அம்மாவின் பயத்துக்கு வருவோம். 1968-இல் அமெரிக்கா ஒரு துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு செய்யப்படும் ஒவ்வொரு துப்பாக்கியிலும் தொடர் எண் பொறிக்க வேண்டும் என்றானது. அதற்கு முன் மலிவு .22 ரைஃபிள்கள் பலவற்றுக்கு எண்ணே போடவில்லை. எண் போடுவதும் கணக்கு வைப்பதும் செலவுதானே. ஆகவே பழைய .22 ஒன்றில் எண் இல்லை என்றால் அது பெரும்பாலும் அதன் வயதைச் சொல்கிறது, குற்றத்தைச் சொல்லவில்லை. இருந்த எண்ணை அரம் போட்டு அழித்திருந்தால் மட்டும் அது குற்றம். இரண்டுக்கும் வித்தியாசம் பார்த்தாலே தெரியும். அழித்த இடத்தில் இரும்பு பள்ளமாக, தேய்த்த கோடுகளோடு இருக்கும். இந்த அம்மா வீட்டில் எண் இல்லாத இரண்டிலும் இரும்பு சீராக, பழைய பூச்சு கலையாமல் இருந்தது. அதைச் சொன்னதும் அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டுமே.

அடுத்தது, இது யார் செய்தது என்பது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். குழலில் பொறித்திருக்கும் பெயர் செய்தவர் பெயராக இருக்க வேண்டும் என்பதில்லை, விற்ற கடையின் பெயராக இருக்கலாம். நம் ஊரிலும் ஒரே ஆலையில் நெய்த வேட்டி மூன்று கடைப் பெயரில் வருகிறதே, அதுபோல. சியர்ஸ் என்ற பெரிய கடை முதலில் ரேஞ்சர் என்றும், பிறகு ஜே.சி. ஹிக்கின்ஸ் என்றும், அதற்குப் பிறகு டெட் வில்லியம்ஸ் என்றும் பெயர் போட்டு விற்றது. டெட் வில்லியம்ஸ் புகழ்பெற்ற பேஸ்பால் ஆட்டக்காரர். ஹிக்கின்ஸ் யார் தெரியுமா? சியர்ஸின் கணக்குப் பிரிவில் 1898-இல் சேர்ந்து 1930-இல் ஓய்வுபெற்ற ஜான் ஹிக்கின்ஸ் என்ற ஊழியர். கணக்கெழுதியவர் பெயர் துப்பாக்கியில்! மான்ட்கோமெரி வார்ட் கடை வெஸ்டர்ன் ஃபீல்ட் என்ற பெயரிலும், வெஸ்டர்ன் ஆட்டோ கடை ரெவலேஷன் என்ற பெயரிலும் விற்றன. இந்தக் கடைகள் எதுவும் தானே செய்யவில்லை. மார்லின், ஸ்டீவன்ஸ், சாவேஜ், மாஸ்பெர்க், வின்செஸ்டர் போன்ற கம்பெனிகளிடம் செய்து வாங்கின.

சியர்ஸ் துப்பாக்கிகளில் செய்தவரைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. மாடல் எண்ணில் புள்ளிக்கு முன்னால் இருக்கும் மூன்று இலக்கம் செய்த கம்பெனியின் குறியீடு. 103 என்றால் மார்லின். 101 என்றால் சாவேஜ், ஸ்டீவன்ஸ் குடும்பம். 273 என்றால் வின்செஸ்டர். 583 என்றால் ஹை ஸ்டாண்டர்ட். இப்படிக் கடைப்பெயரையும் உண்மையான கம்பெனி மாடலையும் எதிரெதிரே போட்ட பட்டியல்கள் இருக்கின்றன. நியூம்ரிச் என்ற உதிரிபாகக் கடை ஒன்று வெளியிட்டிருக்கிறது. ப்ளூ புக் என்று சொல்லப்படும் துப்பாக்கி விலைப் புத்தகத்திலும் உண்டு.

அந்த அம்மாவின் முதல் ரைஃபிளில் ஜே.சி. ஹிக்கின்ஸ் என்று இருந்தது. எண் 103 என்று தொடங்கியது. பட்டியலில் பார்த்தால் அது மார்லின் மாடல் 80-இன் மறுபெயர். மேகசின் தொலைந்து போயிருந்தது. "பேரும் தெரியாது, மேகசினும் கிடையாது, இது குப்பை" என்று விலை பேசியவர் சொன்னது இதைத்தான். பெயர் மார்லின் என்று தெரிந்துவிட்டால் எந்த மேகசின் பொருந்தும் என்பதும் தெரிந்துவிடுகிறது. அது இன்றும் கடையில் கிடைக்கிறது. அடையாளம் தெரியாதவரை குப்பை, தெரிந்தபின் வேலை செய்யும் துப்பாக்கி. விலை ஏறியதோ இல்லையோ, பேரம் பேசும் இடம் மாறிவிட்டது.

இரண்டாவது, க்ளென்ஃபீல்ட் மாடல் 60. பிடியில் ஓர் அணில் உருவம் அழுத்தியிருந்தது. க்ளென்ஃபீல்ட் என்பது மார்லினே மலிவுக் கடைகளுக்காக வைத்துக்கொண்ட இரண்டாவது பெயர். மாடல் 60 வந்தது 1960-இல். ஒரு கோடிக்கும் மேல் செய்திருக்கிறார்கள். வெஸ்டர்ன் ஆட்டோ கடையில் இதே துப்பாக்கி ரெவலேஷன் 120 என்ற பெயரில் போயிருக்கிறது. மார்லினுக்கு ஆண்டு கண்டுபிடிக்க ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. 1973 முதல் பல ஆண்டுகள், தொடர் எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தை 100-இலிருந்து கழித்தால் செய்த வருடம் வரும். இதில் எண் 24 என்று தொடங்கியது. 100-இல் 24 போனால் 76. ஆக 1976. அந்த அம்மா உடனே, "சரிதான், நாங்கள் இந்த வீடு வாங்கிய வருடம்" என்றார். கணக்கு சரியாக வந்தால் கணக்கு வாத்தியார் இல்லாதவனுக்கும் சந்தோஷம்தான்.

இன்னொரு கம்பெனியின் குறியீட்டையும் சொல்கிறேன், நீங்கள் ரசிப்பீர்கள். ரெமிங்டன் 1921-இலிருந்து குழலின் இடப்பக்கம் இரண்டு ஆங்கில எழுத்து அடித்துவைத்தது. முதல் எழுத்து மாதம், இரண்டாவது வருடம். மாதத்துக்கு ஏ, பி, சி என்று வரிசையாகப் போடவில்லை. கரிமருந்தைக் குறிக்கும் 'பிளாக்பவுடர்' என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளையும், கடைசியில் ஓர் எக்ஸையும் எடுத்துக்கொண்டார்கள். மொத்தம் பன்னிரண்டு, ஒரு எழுத்துகூடத் திரும்ப வராது. பி ஜனவரி, எல் பிப்ரவரி, ஏ மார்ச் என்று போய் எக்ஸ் டிசம்பரில் முடியும். மனப்பாடம் செய்ய இதைவிடச் சுலபமான சூத்திரம் நான் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை.

குறியீடு ஒன்றும் இல்லை என்றால் ஊர்ப் பெயரைப் பார்க்கலாம். மார்லின் தொழிற்சாலை 1969 வாக்கில் நியூ ஹேவனிலிருந்து நார்த் ஹேவனுக்கு இடம் மாறியது. குழலில் எந்த ஊர் என்று பார்த்தாலே அதற்கு முன்னா பின்னா என்று தெரியும்.

மூன்றாவது துப்பாக்கிக்குத்தான் எல்லோரும் கிட்டே வந்து நின்றோம். வின்செஸ்டர் மாடல் 67. இது 1934 முதல் 1963 வரை செய்த ஒற்றைத் தோட்டா ரைஃபிள். இதன் போல்ட்டை மூடினால் மட்டும் சுடத் தயாராகாது. பின்னால் இருக்கும் குமிழைக் கையால் தனியாக இழுக்க வேண்டும். சிறுவர்கள் கையில் கொடுப்பதற்கு அது ஒரு கூடுதல் பாதுகாப்பு. சாதாரணமாக இதன் குழல் 27 அங்குலம் இருக்கும். இதுவோ குட்டையாக இருந்தது. டேப் வைத்து அளந்தால் 20 அங்குலம். யாரோ அறுத்துவிட்டார்களோ என்று மாப்பிள்ளை கேட்டார். குழல் நுனி சீராக இருக்கிறது, முன்குறி தன் இடத்தில் இருக்கிறது, தோளில் வைக்கும் கட்டையும் அதற்கேற்பக் குட்டையாக இருக்கிறது. இதே மாடலில் சிறுவர்களுக்கென்று 20 அங்குலக் குழல் வைத்துத் தனியாகச் செய்திருக்கிறார்கள். சாதாரண 67-ஐவிட இதைத் தேடுபவர்கள் அதிகம். "நம்பர்கூட இல்லை" என்று அவர் ஒதுக்கித்தள்ளியது இதைத்தான்.

விலைக்கு வருவோம். மூன்று விஷயம் இருக்கிறது.

ஒன்று, பழசு என்பதற்காக யாரும் காசு தருவதில்லை, நிலைமைக்குத்தான் தருகிறார்கள். ஆலையில் கொடுத்த கருநீலப் பூச்சு எத்தனை சதவீதம் மிச்சம், கட்டையில் விரிசல் உண்டா, திருகாணி எல்லாம் அசலா, தொலைநோக்கி மாட்ட யாராவது ஓட்டை போட்டிருக்கிறார்களா என்று பார்ப்பார்கள். குழலுக்குள் டார்ச் அடித்தால் வரிகள் பளிச்சென்று தெரிய வேண்டும். 1920-களின் கடைசிவரை தோட்டாவில் இருந்த தூண்டு மருந்து சுட்டபின் ஒருவகை உப்பை விட்டுச் செல்லும். அது ஈரத்தை இழுத்துக் குழலை அரிக்கும். ஆகவே மிகப் பழைய .22-களில் வெளியே அழகாகவும் உள்ளே அம்மைத் தழும்பு மாதிரியும் இருப்பது சகஜம். சேம்பர் வாயின் ஓரத்தையும் பார்க்க வேண்டும். தோட்டா இல்லாமல் சும்மா சும்மா விசையை இழுத்தால் ஊசி நேராக அந்த இரும்பு ஓரத்தில் அடித்துப் பள்ளமாக்கும். கேம்பில் அதற்கு ஏன் திட்டினேன் என்று இப்போது புரிகிறதா?

இரண்டு, கேட்கும் விலை வேறு, விற்ற விலை வேறு. இணையத்தில் ஒருவர் ஆயிரம் டாலர் என்று போட்டிருப்பார். அது வருடக்கணக்காக விற்காமல் கிடக்கும். ஏலத்தில் விற்று முடிந்தவற்றை மட்டும் தேடிப் பார்க்க வேண்டும். அப்படி மாப்பிள்ளை கைப்பேசியில் தேடியதில், இந்த நிலைமையில் ஹிக்கின்ஸ் சுமார் 100 டாலர், க்ளென்ஃபீல்ட் சுமார் 150, சிறுவர் வின்செஸ்டர் 300-க்குப் பக்கம் என்று வந்தது. உள்ளே இருக்கும் இயந்திரம் ஒன்றே ஆனாலும், கடைப்பெயர் போட்டது கம்பெனிப் பெயர் போட்டதைவிடப் பொதுவாகக் குறைவாகத்தான் போகும். சேகரிப்பவர்கள் பெயரைத் தேடுகிறார்கள்.

மூன்று, கடைக்காரர் தான் விற்கும் விலைக்கு வாங்கமாட்டார். அவருக்கும் வாடகை இருக்கிறது. கணிசமாகக் குறைத்துத்தான் கேட்பார். அது அநியாயம் இல்லை. ஆனால் மூன்றுக்கும் சேர்த்து நூறு என்பது வியாபாரம் இல்லை, விவரம் தெரியாத ஒருவரிடம் செய்யும் வேலை. ஆக, இது புதையலும் இல்லை, குப்பையும் இல்லை. மூன்றும் சேர்த்து ஒரு நல்ல குக்கிங் ரேஞ்ச் வாங்கக்கூடப் போதாத தொகை. ஆனாலும் உரியது உரியதுதானே.

இந்த நேரத்தில் அந்த அம்மாவின் பேரன் உள்ளே வந்தான். கல்லூரியில் படிக்கிற பையன், நல்ல மனசு. கையில் உப்புத்தாளும் வார்னிஷ் டப்பாவும். பாட்டிக்கு உதவியாக வின்செஸ்டர் கட்டையைத் தேய்த்துப் புதிதுபோல் ஆக்கித் தருகிறேன் என்றான். "தம்பி, கொஞ்சம் பொறு" என்றேன். கட்டையைத் தேய்த்து வார்னிஷ் அடித்தால் பழைய பொருளின் விலை ஏறாது, இறங்கும். அசல் பூச்சு ஒருமுறை போனால் போனதுதான். மேலே படிந்த தூசிக்கு மெல்லிய துணியும் இரண்டு சொட்டுத் துப்பாக்கி எண்ணெயும் போதும்.

அதைவிட வேறொன்றும் இருந்தது. கட்டையின் அடிப்பக்கத்தில் பேனாக்கத்தியால் கோணல்மாணலாக இரண்டு எழுத்து செதுக்கியிருந்தது. அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். கணவரின் பெயர், குடும்பப்பெயர் இரண்டின் முதலெழுத்துகள். பத்து வயதில் அவர் அப்பா வாங்கித் தந்த துப்பாக்கி இது என்று அவர் சொல்லிக் கேட்டிருக்கிறாராம். செதுக்கியது இருப்பது அவருக்கே தெரியாது. அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

அப்புறம் அவரே கேட்டார், "இந்தக் கிறுக்கல் விலையைக் குறைக்குமா?" ஆமாம், சந்தையில் குறைக்கும், விலை தெரிந்த எவரும் முதலில் அதைத்தான் காட்டிக் கேட்பார்கள் என்று உள்ளதைச் சொன்னேன். "அப்படியானால் இதை விற்பது எனக்கு நஷ்டம்" என்றார். இதற்குமேல் நான் சொல்ல என்ன இருக்கிறது?

ஹிக்கின்ஸையும் க்ளென்ஃபீல்டையும் உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையில் கொடுத்தார். விற்பனை விதிகள் இங்கே மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வேறு மாநிலத்துக்காரருக்கு என்றால் உரிமம் உள்ள கடை வழியாகத்தான் போக வேண்டும். தெரிந்தவருக்கே விற்றாலும் கடை வழியாகப் போனால் பின்னால் தலைவலி இல்லை. இரண்டுக்கும் சேர்த்து 140 டாலர் கிடைத்தது. வின்செஸ்டர் பேரனுக்கு. பூட்டுள்ள பெட்டி வாங்கிய பிறகுதான் தருவேன் என்று பாட்டி நிபந்தனை போட்டார். எந்த வருடம், யார் யாருக்கு வாங்கித் தந்தது என்று ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு அதனோடு வைக்கச் சொன்னேன். எழுதி வைக்காத கதை ஒரு தலைமுறைக்குமேல் தாங்காது.

உறவினர்களுக்கு ஒரு வார்த்தை. நம் நாட்டில் கதையே வேறு. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி .22 ஆனாலும் உரிமம் வேண்டும். உரிமம் வைத்திருந்த பெரியவர் காலமாகிவிட்டால், வாரிசுகள் அந்தத் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்துவிட்டு, வேண்டுமென்றால் முறைப்படி உரிமத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். "தாத்தா காலத்துது, பரண்ல கிடக்கட்டும்" என்று விடாதீர்கள்.

மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வீட்டுப் பரணில் துப்பாக்கி இருக்காது. பாட்டியின் சிங்கர் தையல் இயந்திரம் இருக்கலாம், அப்பாவின் எச்எம்டி கடிகாரம் இருக்கலாம். பழைய இரும்புக்காரர் வாசலில் நிற்கும்போது அவர் சொல்லும் விலையோடு முடிவெடுக்காதீர்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் படியுங்கள். யார் செய்தது என்று தேடுங்கள். விற்று முடிந்த விலையைப் பாருங்கள். அதன்பிறகும் இரும்புக்காரருக்கே போடுவதென்றால் தாராளமாகப் போடுங்கள்.

அடுத்த மாதக் கடைசியில் ஊருக்கு வருகிறேன். சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள். துப்பாக்கி எங்கே வாங்கலாம் என்று மட்டும் யாரும் கேட்க வேண்டாம். மைத்துனரே, உங்களையும் சேர்த்துத்தான்.